மருந்து வாங்குமுன் நோயை அறிவோம்

தோட்டப் பயிர்களிலும் பயற்றினங்களிலும் வரும் நோய்களை இனங்காணலும் கட்டுப்படுத்தலும்

இடம்பெயர்ந்து வாழும் கமக்காரக் குடும்பத்துக்குப் பயிரில் விழும் நோய் இரட்டைப் பாரம். நிலம் குத்தகைக்கு எடுத்ததாக இருக்கும். அல்லது உறவினர் எவரேனும் இரவலாகக் கொடுத்ததாக இருக்கும். கிணறு நாலு குடும்பங்களுக்குப் பொது. விதையும் பசளையும் கடனுக்கு வாங்கியவை. சொந்த நிலத்தில் இருப்பவருக்கு ஒரு போகம் தவறினால் அடுத்த போகம் உண்டு. இரவல் நிலத்தில் இருப்பவருக்கு அந்த அடுத்த போகம் நிச்சயமில்லை. 1990இலும் 1995இலும் 2009இலும் ஊரை விட்டு வெளியேறியவர்கள் இதை அனுபவத்தில் அறிவார்கள். வலிகாமம் வடக்கில் இன்னும் தம் காணிக்குத் திரும்பாத குடும்பங்களும், திரும்பி வந்து பற்றைக் காட்டை வெட்டித் துப்புரவாக்கிப் புதிதாகத் தொடங்கியவர்களும் இதை அறிவார்கள்.

இத்தகைய குடும்பங்களின் தோட்டங்களில் நாம் அடிக்கடி காண்பது ஒன்றுண்டு. செடி மஞ்சளிக்கத் தொடங்கியதும் ஓர் இலையைப் பிய்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்கு ஓடுகிறார்கள். கடைக்காரர் தோட்டத்தைப் பார்த்தவர் அல்லர். வாடிய இலையைப் பார்த்து ஒரு போத்தலை எடுத்துக் கொடுக்கிறார். அது சரிவராவிட்டால் அடுத்த வாரம் இன்னொரு போத்தல். காதில் கழுத்தில் கிடந்தது அடகுக்குப் போகிறது, பயிரும் போகிறது. இதில் பல தடவை அந்தப் போத்தலால் எந்தப் பயனும் இருந்திருக்க முடியாது. ஏனெனில் சில பயிர் நோய்களுக்கு உலகத்தில் எங்குமே மருந்து இல்லை.

எனவே இக்கட்டுரையில் நாம் வலியுறுத்த விரும்புவது ஒன்றே: முதலில் நோயின் பெயரை அறியுங்கள், அதன் பிறகு பணத்தை எடுங்கள். நோயை இனங்காண ஆய்வுகூடம் தேவையில்லை. ஒரு கத்தி, ஒரு கிளாஸ் தெளிந்த தண்ணீர், கூர்ந்து பார்க்கும் கண் ஆகியவை பெரும்பாலும் போதும்.

நோயா, குறைபாடா?

மஞ்சளித்த இலையெல்லாம் நோயுற்ற இலை அல்ல. ஆகவே செடியைத் தொடுமுன் வரம்பில் நின்று தோட்டம் முழுவதையும் ஒருதரம் பாருங்கள்.

தோட்டம் முழுவதும் ஒரே சீராக வெளிறியிருந்தால் அது பெரும்பாலும் பசளைக் குறைபாடு, அல்லது தண்ணீர்ப் பிரச்சினை. அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளிப்பது நைதரசன் போதாமையின் அடையாளம். இளந்தளிர் வெளிறி நரம்பு மாத்திரம் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறைபாடாக இருக்கலாம். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலங்களில் இது வழமை. மண்ணில் இரும்பு இருந்தாலும் சுண்ணாம்பு அதிகமுள்ள மண்ணில் வேர் அதனை எடுக்க முடியாது. இவற்றுக்குக் கிருமிநாசினி விசிறுவது வீண்செலவு.

பக்கத்து வயலில் நெல்லுக்கு அடித்த களைநாசினி காற்றில் வந்து பட்டாலும் தக்காளி, மிளகாய், பயற்றை ஆகியவற்றின் இலைகள் முறுகி ஒடுங்கும். பார்ப்பவர் வைரசு என்றே நினைப்பர். ஆனால் வயலோரத்தில் கூடுதலாகவும் உள்ளே போகப்போகக் குறைவாகவும் இருக்கும். பின்னர் வரும் தளிர் நன்றாக வரும்.

நோய் அப்படிச் சீராக வருவதில்லை. ஓரிரு செடியில் தொடங்கும். திட்டுத் திட்டாகவோ வாய்க்கால் வழியாகவோ பரவும். நாளுக்கு நாள் கூடும். நேற்று ஐந்து செடி, இன்று ஒன்பது செடி என்றால் அது நோய் என்று கொள்ளலாம். அப்பொழுது ஒரு செடியைத் தெரிந்து இவ்வைந்தையும் பாருங்கள்:

1. தளிரில் உள்ளதா, அடியிலையில் உள்ளதா?
2. இலையின் கீழ்ப்புறத்தில் பூச்சி, தூள், பூஞ்சணம் ஏதும் உண்டா?
3. மண்ணோடு தொடும் தண்டுப் பகுதி அழுகியிருக்கிறதா?
4. தண்டைச் சரிவாக வெட்டினால் உட்பகுதி வெள்ளையா, கபிலமா?
5. வேரோடு கிளப்பிப் பார்த்தால் வேர் எப்படி இருக்கிறது?

இவ்வைந்துக்கும் விடை கிடைத்தால் நோய் மூன்று கூட்டங்களுள் எதைச் சேர்ந்தது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். அவை வைரசு, பற்றீரியா, பங்கசு என்பன. ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் வேறு.

வைரசு நோய்கள்: மருந்து இல்லை, வழி உண்டு

பயறு விதைத்தவர் எல்லோரும் மஞ்சள் நோயைக் கண்டிருப்பர். இளம் இலையில் மஞ்சள் பொட்டுகள் தோன்றிப் பச்சையும் மஞ்சளுமாகச் சித்திரம் வரைந்ததுபோல் ஆகிப் பின் முழு இலையும் பொன்மஞ்சளாகும். காய் சிறுத்து வளைந்து மணி பிடிக்காது. இதுவே மஞ்சள் சித்திரவடிவ நோய். உழுந்தையும் இது தாக்கும். வெண்டியில் வருவது இதற்கு உறவான இன்னொரு வைரசு. நரம்புகள் மஞ்சள் வலைபோல் தெரியும், காய் வெளிறி நாராகும். வெண்டியின் இந்நோய் 1924இலேயே பம்பாய்ப் பகுதியில் பதிவுசெய்யப்பட்டது. நூறு ஆண்டுகள் சென்றும், நோயுற்ற செடியைக் குணமாக்கும் மருந்தை எவரும் கண்டுபிடிக்கவில்லை.

இவ்விரண்டையும் செடிக்குச் செடி காவிச் செல்வது வெண் ஈ. இலையின் கீழ்ப்புறத்தில் இருந்து சாறு உறிஞ்சும் மிகச் சிறிய வெள்ளைப் பூச்சி அது. செடியைத் தட்டினால் புகைபோல் எழும். நோயுற்ற செடியில் ஒருமுறை சாறு குடித்த ஈ பல நாட்களுக்குப் போகுமிடமெல்லாம் நோயைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே இலை மஞ்சளித்த பின்னர் ஈயைக் கொன்றாலும் அந்தச் செடி மீளாது. அதைச் சுற்றியுள்ள செடிகளைத்தான் காப்பாற்றலாம்.

செய்ய வேண்டியவை இவை:

பயறு ஏறக்குறைய 60 முதல் 65 நாட்களில் விளையும் பயிர். முதல் மூன்று நான்கு வாரங்களுள் நோய் விழுந்தால் அச்செடி எதுவும் தராது; காய் பிடித்த பின் விழுந்தால் இழப்பு சிறிது. எனவே முதல் மாதத்தில் நாள்தோறும் காலையில் தோட்டத்தைச் சுற்றி, மஞ்சள் காணும் செடியை அன்றே பிடுங்கி எரித்துவிடுங்கள் அல்லது ஆழப் புதையுங்கள். பிடுங்கிய செடியை வரம்பில் போட்டுவிட்டுப் போனால் ஈ அங்கிருந்து எழுந்து அடுத்த செடிக்குப் போகும். இருபது நாட்பயிரில் பாதிக்கு மேல் மஞ்சளித்துவிட்டால் பிடுங்கிப் பயனில்லை. உழுது மடக்கிவிட்டு வேறு இனப் பயிர் செய்வதே நட்டத்தைக் குறைக்கும் வழி.

ஒருவர் தையிலும் மற்றவர் மாசியிலும் இன்னொருவர் பங்குனியிலும் விதைத்தால், முதற் பயிரில் பெருகிய ஈ இரண்டாம் பயிருக்கும், அதிலிருந்து மூன்றாம் பயிருக்கும் ஏணிப்படி ஏறுவதுபோல் ஏறும். நெருக்கமான குடியேற்றங்களில் துண்டு துண்டாகப் பயிர் செய்யும்போது இது இன்னும் மோசம். எல்லோரும் ஒரே வாரத்தில் விதைத்தால் இந்த ஏணி அறுந்துவிடும். இதற்குச் செலவு ஒரு சதமும் இல்லை. பேசித் தீர்மானிக்க ஒரு மாலைப்பொழுது போதும்.

தோட்டத்தைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை சோளத்தை நெருக்கமாக, பயிருக்கு இரண்டு மூன்று வாரம் முன்னதாக நட்டால் பறந்து வரும் ஈ ஓரளவு தடுபடும். வேப்பம் விதைச் சாறும் ஈயைக் குறைக்கும்: உலர்ந்த வேப்பம் விதையின் பருப்பு 500 கிராமை இடித்துத் துணியில் கட்டி 10 லீற்றர் தண்ணீரில் ஓரிரவு ஊறவிட்டுப் பிழிந்து வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்து, மாலையில் இலையின் கீழ்ப்புறம் நனைய விசிற வேண்டும். வெயிலில் இதன் வீரியம் போய்விடும். வைத்திருந்து அடிக்கவும் கூடாது.

மிளகாயில் இலைச்சுருள்: ஒரு பெயர், மூன்று காரணங்கள்

கூடுதலான பணம் வீணாவது இங்கேதான். இலை சுருண்டால் எல்லோரும் இலைச்சுருள் என்றே சொல்கிறோம். ஆனால் சுருளும் விதத்தைப் பார்க்க வேண்டும்.

இலையின் விளிம்புகள் மேல்நோக்கி மடிந்து தோணிபோல் இருந்தால் அது பனிப்பூச்சி. இலையை வெள்ளைத் தாளின்மேல் தட்டினால் நூல்துண்டு போன்ற சிறு பூச்சிகள் ஊர்வதைக் காணலாம். மழையில்லாக் காலத்தில் பெருகும். தண்ணீர் குறையாமல் கட்டுவதும், வேப்பம் விதைச் சாறும், கூடினால் பரிந்துரைக்கப்பட்ட பூச்சிநாசினியும் உதவும்.

இலை கீழ்நோக்கி மடிந்து கவிழ்த்த தோணிபோல் இருந்து, காம்பு நீண்டு, கீழ்ப்புறம் வெண்கல நிறமாக மினுங்கினால் அது சிற்றுண்ணி. கண்ணுக்குத் தெரியாது. இதற்குக் கந்தகம் வேலை செய்யும். சாதாரண பூச்சிநாசினி பலவும் வேலை செய்யாதது மட்டுமல்ல, சிற்றுண்ணியைத் தின்னும் நல்ல பூச்சிகளைக் கொன்று நிலைமையை இன்னும் கெடுக்கும்.

இலை சிறுத்து, நெளிந்து, நரம்பு தடித்து, கணுக்கள் நெருங்கிச் செடி பற்றைபோல் நின்றால் அது வைரசு. இதையும் வெண் ஈயே பரப்பும். இந்தச் செடி தெளியாது. இளம்பயிரானால் பிடுங்கிவிட வேண்டும். நாற்றுமேடையிலேயே ஈ வராமல் தடுப்பது பெருந்துணை. பழைய நுளம்பு வலையைக் கிழிசல் தைத்து மேடைமீது கூடாரமாக மூடினால் போதும்.

ஒரே வரிசையில் மூன்றும் கலந்து நிற்பதும் உண்டு. அதனால்தான் ஒரு செடியைப் பார்த்து முடிவு செய்யாமல் பத்துச் செடியையாவது பார்க்க வேண்டும் என்கிறோம்.

இன்னொரு சித்திரவடிவ நோய் கையால் பரவுவது. புகையிலையில் உள்ள அந்த வைரசு சுருட்டு, பீடிகளிலும் அழியாது இருக்கும். சுருட்டுப் பிடித்த கையால் தக்காளி, மிளகாய் நாற்றுகளைத் தொட்டால் நோய் ஒட்டும். நாற்று நடும் நாளில் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், தோட்டத்துக்குள் புகைக்காதீர்கள்.

வாடல்: ஒரு கிளாஸ் தண்ணீர் சொல்லும் உண்மை

காலையில் பச்சையாக நின்ற கத்தரி மதியம் தொய்ந்து, மாலை கொஞ்சம் நிமிர்ந்து, இரண்டு மூன்று நாளில் பச்சையாகவே வாடிச் சாகிறது. மண்ணில் ஈரம் இருக்கிறது. இலையில் புள்ளியும் இல்லை, மஞ்சளும் இல்லை. இது பற்றீரியா வாடல் என்று சந்தேகிக்க வேண்டும். கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, புகையிலை ஆகிய ஒரே குடும்பத்துப் பயிர்களை இது தாக்கும். கச்சானையும் தாக்கக் கூடியது. அமெரிக்காவில் எர்வின் ஸ்மித் என்ற அறிஞர் 1896இல் இக்கிருமியை விவரித்தார்.

சோதனை எளிது. வாடும் செடியின் அடித்தண்டில் இரண்டங்குலத் துண்டைக் கூரிய கத்தியால் வெட்டி, ஒரு கிளாஸ் தெளிந்த தண்ணீரில் வெட்டுமுகம் மட்டும் தோயும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டுமுகத்திலிருந்து பால்போல் வெள்ளை இழை இறங்கினால் அது பற்றீரியா. இறங்கும் இழை கிருமிகளின் கூட்டமேதான். இழை இறங்காமல், தண்டின் உட்புறம் கபிலமாகி, வாடுமுன் அடியிலைகள் ஒருபக்கமாக மஞ்சளித்திருந்தால் அது பங்கசினால் வரும் வாடல்.

பற்றீரியா வாடலுக்கும் விசிறும் மருந்து இல்லை. கிருமி மண்ணில் ஆண்டுக்கணக்கில் இருக்கும். பாய்ச்சும் தண்ணீரிலும், மண்வெட்டியில் ஒட்டிய மண்ணிலும், காலிலும், நாற்றின் வேர்மண்ணிலும் போகும். ஆகவே:

வாடிய செடியைச் சுற்றியுள்ள மண்ணோடு கிளப்பிப் பையில் போட்டு வெளியே கொண்டுபோய் எரியுங்கள். குழியில் சருகு போட்டு எரியுங்கள். அந்தப் பாத்திக்குத் தண்ணீரைக் கடைசியாகக் கட்டுங்கள். அதன் வழியாக அடுத்த பாத்திக்குத் தண்ணீர் போகக் கூடாது. பொதுக்கிணற்றில் இறைக்கும்போது நோயுள்ள தோட்டத்து வாய்க்கால் அயலவர் தோட்டத்துக்குள் இறங்காமல் பாருங்கள். மண்வெட்டியைக் கழுவிக் காய்ச்சிய பின்னரே மற்றப் பாத்தியில் இறக்குங்கள்.

அந்த நிலத்தில் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குக் கத்தரிக் குடும்பத்துப் பயிரை வைக்காதீர்கள். வெங்காயம், சோளம், குரக்கன் ஆகியவற்றை மாறி மாறிச் செய்யலாம். வயல் நிலமானால் நெல் மிக நல்லது. வாடலைத் தாங்கும் தக்காளி, கத்தரி இனங்கள் உண்டு. விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். சுண்டங்காய்ச் செடியின் வேர் இந்நோயைத் தாங்கும் என்பதால் அதன்மேல் கத்தரியை ஒட்டி நடும் முறையும் உண்டு.

இரவல் நிலத்தில் இருப்போருக்கு இங்கே ஒரு கடமையும் இருக்கிறது. நிலம் தந்தவரிடம் நோயை மறைக்காதீர்கள். நாம் போன பின் அவர் அதே இடத்தில் தக்காளி வைத்தால் அவருடைய முதலும் போகும். அதுபோலவே குத்தகைக்கு எடுக்குமுன் நீங்களும் கேளுங்கள்: கடந்த மூன்று வருடம் இந்த நிலத்தில் என்ன நின்றது, அது வாடியதா?

பங்கசு நோய்கள்: ஈரத்தின் பிள்ளைகள்

பங்கசு நோய்களுக்கு மருந்து உண்டு. ஆனால் பெரும்பாலானவை ஈரத்தால் வருபவை; ஈரத்தைக் குறைத்தால் பாதி மருந்து மிச்சம்.

நாற்றழுகல்: முளைத்த நாற்று அடியில் நைந்து சரிந்து விழும். விதையை நெருக்கமாகப் போடுவதும் தண்ணீர் கூடுவதும் காரணம். மேடையை ஒரு சாண் உயர்த்திப் போட்டு, வைக்கோலையும் உமியையும் மாறி மாறிப் பரப்பி எரித்துப் பின் விதையுங்கள். அல்லது மேடையை நனைத்து, தெளிந்த பொலித்தீனால் இறுக மூடி, நல்ல வெயிலில் மூன்று நான்கு வாரம் விடுங்கள். வெயிலின் சூடு மேல்மண்ணிலுள்ள கிருமிகளைக் கொல்லும்.

கழுத்தழுகல்: கௌபி, கச்சான், மிளகாய், வெங்காயம் முதலியவற்றில் மண்மட்டத்தில் தண்டு அழுகி, பஞ்சுபோல் வெள்ளை இழை படரும். அதன்மேல் கடுகு விதைபோல் கபில உருண்டைகள் இருந்தால் இதுவேதான். அவ்வுருண்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடந்து முளைக்கும். செடியை அந்த மண்ணோடு அகற்றி எரியுங்கள். மண்ணை ஆழப் புரட்டி உருண்டைகளைப் புதையுங்கள். உக்காத குப்பையைச் செடியின் கழுத்தில் குவிக்காதீர்கள்.

இலைப்புள்ளிகள்: கச்சானில் மஞ்சள் வளையத்தோடு கபிலப் புள்ளி, வெங்காயத்தில் ஊதாக் கொப்புளம், மிளகாய்ப் பழத்தில் வட்ட வட்டமாகக் குழிந்த அழுகல் எல்லாம் பங்கசுகளே. இலை பல மணிநேரம் ஈரமாக இருந்தால்தான் இவற்றின் வித்திகள் முளைத்து உள்ளே நுழைய முடியும். ஆகவே மாலையில் தலைமேல் தண்ணீர் தெளிப்பதை விட்டு, காலையில் அடியில் கட்டுங்கள். காற்றோட இடைவெளி விடுங்கள். தக்காளிக்குத் தடி நட்டுக் கட்டுங்கள். ஈர இலைக்குள் புகுந்து களை பிடுங்காதீர்கள்.

வெண்தூள் நோய்: பயறு, உழுந்து, பூசணி, பாகல் ஆகியவற்றின் இலைமேல் மாப் பூசினாற்போல் இருக்கும். இது மட்டும் விதிவிலக்கு. இலை நனையாமலே பரவும். கந்தகம் நல்ல மருந்து. கடும் வெயிலில் அடித்தால் இலை கருகும். பூசணிக் குடும்பத்தில் மேலும் கவனம் தேவை.

இலைப்புள்ளிகளுக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய பழைய மருந்து போர்டோ கலவை. பிரான்சில் முந்திரிகைத் திராட்சை பயிரிட்டவர்கள் வழிப்போக்கர் பழம் பறிக்காதிருக்கப் பூசிய செப்பும் சுண்ணாம்பும் நோயையும் தடுத்ததை மில்லார்டே என்பவர் கவனித்து 1885இல் வெளியிட்டார். மயில்துத்தம் எனப்படும் செப்புச் சல்பேற்று 100 கிராமை 5 லீற்றர் தண்ணீரிலும், சுட்ட சுண்ணாம்பு 100 கிராமை நீற்றி 5 லீற்றர் தண்ணீரிலும் வெவ்வேறாகக் கரைத்து வடியுங்கள். மண்பானை அல்லது பிளாஸ்ரிக் வாளியே பாவியுங்கள். இரும்பு, தகரம் கூடாது. துத்தநீரைச் சுண்ணாம்பு நீருக்குள் கலக்கிக் கலக்கி ஊற்றுங்கள். துருவில்லாத கத்தியை ஒரு நிமிடம் தோய்த்துப் பாருங்கள். செம்பு படிந்தால் சுண்ணாம்பு நீர் இன்னும் சேர்க்க வேண்டும். அன்றே விசிறி முடியுங்கள். இளநாற்றுக்கு அடிக்காதீர்கள்.

இது நோய் வருமுன் காக்கும் போர்வையேயன்றி, உள்ளே போன நோயைக் கிளப்பி எடுப்பதல்ல. இந்தப் பாடத்தை இலங்கை பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1869இல் கோப்பித் துரு நோய் இங்கே பதிவானது. சில பத்தாண்டுகளில் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்கள் அழிந்து தேயிலை வந்தது. 1880 முதல் 1882 வரை இங்கிருந்து ஆராய்ந்த மார்ஷல் வார்ட், அந்நோய் ஒரு பங்கசு என்றும், வித்தி இலைக்குள் நுழையுமுன்னரே தடுக்க வேண்டும் என்றும், மலை முழுவதும் ஒரே பயிர் இடைவெளியின்றி நின்றதே அதற்கு வழி திறந்தது என்றும் காட்டினார். கால் ஏக்கர் மிளகாய்த் தோட்டத்துக்கும் இந்த நியாயம் பொருந்தும்.

வேரில் முடிச்சு: நண்பனா, பகைவனா?

பயறு, கௌபிச் செடியைப் பிடுங்கி வேரில் உருண்டைகளைக் கண்டு நோய் என்று எறிபவர் உண்டு. வேரின் பக்கத்தில் ஒட்டினாற்போல் இருந்து, நகத்தால் தட்டக் கழன்று, நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அவை நல்ல முடிச்சுகள். காற்றிலுள்ள நைதரசனைப் பசளையாக்கும் பற்றீரியாக்கள் அங்கே வாழ்கின்றன. அறுவடைக்குப் பின் அந்த வேரை மண்ணிலேயே விடுங்கள்.

வேரே வீங்கி மஞ்சட் கிழங்குபோல் முண்டு முண்டாகி, கழற்ற முடியாமல் இருந்தால் அது வட்டப்புழு. செடி வளராது, வெயிலில் சோரும். கோடையில் இரண்டு மூன்று முறை உழுது வேர்களைப் பொறுக்கி எரித்து மண்ணைக் காயவிடுங்கள். நன்றாக உக்கிய எருவைச் சேர்த்து எள்ளு அல்லது நெல் போட்டுப் பயிரை மாற்றுங்கள்.

விதையோடு நோயையும் காவ வேண்டாம்

இடம்பெயர்ந்தவர் கையில் இருக்கும் பெரும் சொத்து விதை. பயற்றின் மஞ்சள் நோயைப் பரப்புவது முக்கியமாக ஈயே. ஆனால் கௌபியிலும் பயற்றையிலும் வரும் சித்திரவடிவ நோய் விதையாலும் வரும். முளைத்து வந்த அந்த ஒரு செடியிலிருந்து அழுக்கணவன் தோட்டம் முழுவதும் பரப்பும். மிளகாயின் பழ அழுகலும் விதையோடு வரும்.

ஆகவே கடைசிப் பறியலில் மிஞ்சியதை விதைக்கு வைக்கும் வழக்கத்தை விடுங்கள். பூக்கும் காலத்திலேயே நல்ல செடிகளைத் தெரிந்து நூல் கட்டி, அவற்றின் காயை மட்டும் முற்றவிட்டு எடுங்கள். சுருங்கிய, நிறம் மாறிய மணிகளைக் கழித்து, நன்றாக உலர்த்தி, காற்றுப் புகாத போத்தலில் வையுங்கள். தக்காளி, கத்தரி விதையை 50 பாகை செல்சியஸ் சூட்டு நீரில் 25 நிமிடம் வைத்து உலர்த்தினால் விதையில் ஒட்டிய பல கிருமிகள் சாகும். இதற்கு வெப்பமானி கட்டாயம். சூடு கூடினால் விதையும் சாகும். பயற்றின விதைக்கு இதைச் செய்யாதீர்கள்.

நஞ்சைப் பாவிக்க நேர்ந்தால்

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளையும் விவசாய நஞ்சுகளும் இறக்குமதி செய்வது தடுக்கப்பட்டு, நவம்பரில் தடை நீங்கியது. 2022இன் நெருக்கடியோடு விலையும் ஏறியது. போத்தலை மட்டும் நம்பியிருந்தவர்கள் அப்போது திகைத்து நின்றார்கள். நஞ்சு கடைசி வழியாக இருக்கட்டும்.

அடிக்க வேண்டி வந்தால், நோயின் பெயரைச் சொல்லி அதற்குரியதை மட்டும் வாங்குங்கள். இரண்டு மூன்றை ஒன்றாகக் கலக்காதீர்கள். லேபலில் உள்ள அளவைக் கூட்டாதீர்கள். முழுக்கைச் சட்டை போட்டு, மூக்கையும் வாயையும் மூடி, காற்றுக்கு முதுகு காட்டி அடியுங்கள். அடித்த நாளிலிருந்து பறிக்கும் நாள்வரை லேபல் சொல்லும் நாட்களைக் காத்திருங்கள். சந்தைக்குப் போகும் காயை நம்மைப்போல் இன்னொரு பிள்ளை உண்ணப்போகிறது.

ஒரே அறைக் குடிலில் கூரையில் செருகிய நஞ்சுப் போத்தல் குழந்தைக்கும் ஆபத்து, மனமுடைந்தவருக்கும் ஆபத்து. 1995இல் மிகக் கொடிய வகை நஞ்சுகளையும் 1998இல் எண்டோசல்பானையும் அரசு தடுத்த பின் இந்நாட்டில் நஞ்சருந்தி மாண்டோர் தொகை வெகுவாகக் குறைந்தது. கைக்கெட்டாமல் இருந்ததே பல உயிர்களைக் காத்தது. தேவையான அளவுக்கு மேல் வாங்காதீர்கள். பூட்டுள்ள பெட்டியில் வையுங்கள். வெறும் போத்தலைத் தண்ணீருக்குப் பாவிக்காதீர்கள்.

கூடிச் செய்ய வேண்டியவை

வெண் ஈக்கு வேலி தெரியாது. வாய்க்கால் தண்ணீருக்கும் எல்லைக்கல் தெரியாது. ஒருவர் பிடுங்கி எரிக்க அயலவர் விட்டுவைத்தால் இருவர் உழைப்பும் வீண். எனவே இந்தப் போகத்துக்கு முன் உங்கள் சங்கக் கூட்டத்தில் இவற்றைப் பேசி முடிவெடுங்கள்:

1. பயறு, உழுந்து விதைக்கும் வாரத்தை எல்லோருக்கும் ஒன்றாகக் குறித்தல்.
2. பத்துக் குடும்பங்களுக்கு ஒன்றாக வலையிட்ட பொது நாற்றுமேடை அமைத்தல்.
3. வாரத்தில் ஒரு காலை இருவர் இருவராக எல்லாத் தோட்டங்களையும் சுற்றிப் பார்த்து, நோயுற்ற செடியை உரியவர் முன்னிலையில் பிடுங்குதல். வயதானவர் தனியே செய்யும் தோட்டத்துக்கு இளைஞர் போதல்.
4. எந்தத் துண்டில் எந்த வருடம் என்ன பயிர் நின்றது, என்ன நோய் வந்தது என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்தல். குடும்பம் மாறினாலும் கொப்பி அங்கேயே இருக்கட்டும்.
5. நூல் கட்டிய செடிகளின் விதையில் ஒரு சுண்டு சங்கத்துக்குக் கொடுத்து, நோயால் எல்லாம் இழந்த குடும்பத்துக்கு அதிலிருந்து கொடுத்தல்.

இனங்காண முடியாத நோயானால் வேரோடு முழுச் செடியாக, நோய் தொடங்கும் நிலையிலுள்ளதும் முற்றியதுமாக இரண்டைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கமநல சேவை நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். ஈரப் பொலித்தீன் பையில் போட்டால் வழியிலேயே அழுகி எதுவும் தெரியாமற் போகும். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை கேட்கலாம். கேட்கும்போது, எத்தனை நாட்பயிர், எத்தனை செடியில் உண்டு, எப்போது தொடங்கியது, முன்பு அங்கே என்ன நின்றது என்ற நான்கையும் சொல்லுங்கள். சரியாகக் கேட்பவருக்குத்தான் சரியான பதில் கிடைக்கும்.